வடக்குச் சுவரின் நீலம்

டுலூத் நகரம் மலையில் ஏறி நின்று
ஏரியைப் பார்க்கும் ஊர்.
தபால்காரிக்கு இங்கே முழங்காலில்தான்
முதலில் வயதாகும்.

ஆர்டிஸும் ரெய்னோவும் பிரிந்தபோது
படகு அவருக்கு, பனி வாரும் எந்திரம் இவருக்கு.
நாய் யாருக்கும் இல்லை, முந்தைய குளிரிலேயே செத்திருந்தது.
கடைசியில் மிஞ்சியது
வடக்குச் சுவரோரம் இருபது வருஷம் பருத்த ஹோஸ்டா.

ஏப்ரல் முடிகிற வாரம். இலை விரியவில்லை.
ஊதா மூக்குகள் மட்டும் மண்ணைக் கிழித்துக்கொண்டு
எண்ணும்படி நின்றன: நாற்பத்தொன்று.
ரெய்னோ மண்வெட்டியை நடுவில் வைத்து மிதித்தார்.
இருபது அவருக்கு. இருபது ஆர்டிஸுக்கு.
ஒன்று இரும்புக்கு.

மின்கட்டண ரசீதோடு நின்றிருந்தேன்.
வாங்க யாரும் கை நீட்டவில்லை.

ஜூனில் ஆர்டிஸ் வீட்டு இலைகள்
ஆஷ் மரத்து நிழலுக்கடியில்,
ஐஸ் உடைந்த மறுநாள் ஏரி இருக்குமே, அந்த நீலம்.

ரெய்னோ குடிபோன வீட்டில் மரமில்லை.
மதியம் இரண்டு மணிக்குப்
பக்கத்துத் தகரக் கொட்டகை இன்னொரு சூரியனாகும்.
ஜூலை நாலாம் தேதி வாணவேடிக்கைக்குள்
நீலம் உருகிப்போய் வெறும் பச்சை.
ஓரமெல்லாம் அடுப்பில் காட்டிய காகிதம்.

"பசி போல" என்றார்.
உர உருண்டைகளைக் கைநிறைய இறைத்தார்.
தழைச்சத்து தழையைத்தானே தரும்.
தட்டு அளவு இருந்தவை தாம்பாளமாகித் தொளதொளத்தன.
ராத்திரியில் நத்தைகள் விருந்துக்கு வந்தன.
நீலம் வரவில்லை.

நீலம் ஒரு நிறமே இல்லை என்பது
ஒரு செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.
ஆர்டிஸ் வீட்டுப் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டுக் குனிந்து
ஓர் இலையைக் கட்டைவிரலால் வருடினேன்.
திராட்சை மேல் பூத்திருக்கும் மாவு போல
விரலோடு வந்துவிட்டது.
அடியில் ரெய்னோ வீட்டுப் பச்சை,
அச்சு அசல் அதே பச்சை.
அந்த விரல்தடம் உறைபனி வரைக்கும் ஆறவில்லை.
தினமும் அதைக் கடந்துதான் போனேன்.

"அங்கே இன்னும் நீலமா?" என்று கேட்டார் ரெய்னோ,
கையெழுத்திட வேண்டிய உறையைத் திருப்பித் திருப்பி.
கவனிக்கவில்லை என்றேன்.
பச்சைப் பொய்.

ஆர்டிஸ் எதுவும் கேட்டதில்லை.
அவரிடம் பொன்னிறத்தில் இன்னொன்று இருந்தது, தொட்டியில்.
நிழலில் விட்டால் அது பொன்னை மறந்து
பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் எங்கோ தங்கிவிடும்.
குழந்தைகள் இழுக்கும் சிவப்பு வண்டியில் அதை ஏற்றி
காலையில் கிழக்கு வாசலுக்கு இழுத்துவருவார்.
பதினொன்றுக்குத் திரும்ப நிழலுக்கு.
"ரெய்னோவை ஒருநாளும்
இப்படி வெயிலுக்குக் கூட்டிப்போனதில்லை" என்றார்,
சிரிக்காமல்.

மறு வருஷம் நகராட்சி ஆள்
ஆஷ் மரத்தில் வண்ணப் புள்ளி வைத்துப் போனான்.
பட்டைக்குள் வண்டு.
மே மாதம் ஒரே காலையில் மரம் லாரியேறியது.
மரம் இருந்த வழியாக மாலை வெயில் நுழைந்து
சுவரோரம் சாவகாசமாக உட்கார்ந்தது.
இலைகள் வழக்கம்போல் நீலமாகத்தான் விரிந்தன.
ஜூலையில் என் விரல் பட்ட இலை எதுவென்று
தேடினாலும் தெரிந்திருக்காது,
எல்லாமே வருடியதுபோல் இருந்தன.

"இன்னும் நீலமா?"
பச்சை என்றேன். இம்முறை பொய்யில்லை.
"அங்கே ஏது வெயில்?"
மரம் போய்விட்டது என்றேன்.

ரெய்னோ உள்ளே போனார்.
ஏதேதோ உருளும் சத்தம்.
படகில் விரிக்கும் பெரிய குடையோடு வந்தார்,
கோடு போட்டது, ஒரு கம்பி வளைந்தது.
அதன் மேல் ஒரு சீட்டும் இல்லை.
"போகிற வழிதானே."

தலை ஒட்டாத எதையும் சுமக்கக் கூடாது என்பது
எங்கள் இலாகா விதி.
வலத்தோளில் பை.
இடத்தோளில் குடை.
இறக்கத்தில் முழங்கால் இரண்டும்
வாய்விட்டுத் திட்டின.